கிரகணம் பட்ட கால்

தம்பிக்குச் சப்பாத்து வாங்கப் போனால் நாங்கள் இரண்டு சோடி வாங்குவோம். ஒன்று ஏழாம் அளவு, மற்றது ஒன்பதாம் அளவு. ஏழில் வலக்கால் சப்பாத்தும் ஒன்பதில் இடக்கால் சப்பாத்தும் அவனுக்கு. மிச்சம் இரண்டும் பெட்டியோடு கட்டிலுக்குக் கீழே போய்விடும். "என்ன தம்பி, அண்ணாக்கும் சேர்த்தோ?" என்று கடைக்காரர் கேட்டால், "ஓம்" என்று சொல்லிவிடுவான். எங்கட வீட்டில் அண்ணா இல்லை. மூத்தது நான்தான்.

அவனுக்கு இப்போது பதினைந்து வயது. இடக்கால் வலக்காலைவிடப் பருமன். இரண்டு சென்ரிமீற்றரளவு நீளமும் கூட. தொடையின் வெளிப்பக்கம் தொடங்கிக் கணுக்கால் வரைக்கும், நாவற்பழம் நசிந்த நிறத்தில் ஒரு பெரிய அடையாளம். அதுக்கு மேலே நாளங்கள் கயிறு மாதிரிப் புடைத்திருக்கும். சில இடங்களில் சின்னச் சின்னக் கொப்புளங்கள். உரசுப்பட்டால் தெளிந்த நீர் கசியும், சில நேரம் இரத்தம்.

இதுக்கு ஒரு பெயர் இருக்கிறது. கிளிப்பெல் ட்ரெனோனே. 1900ஆம் ஆண்டு இதை விவரித்து எழுதிய இரண்டு பிரெஞ்சு வைத்தியர்களின் பெயர்கள் அவை. பிறக்கும்போதே குருதிக் கலன்களும் நிணநீர்க் கலன்களும் பிழையாக அமைந்துவிடுகிற நோய்களில் இதுவும் ஒன்று. இந்தப் பெயர் எங்கட வீட்டுக்கு வந்துசேர ஆறு வருசம் எடுத்தது. அதுவரைக்கும் அம்மம்மா வைத்த பெயர்தான் இருந்தது. கிரகணம் பட்ட கால்.

2010 ஜனவரி 15. பொங்கலுக்கு அடுத்த நாள், தை அமாவாசையும் கூட. அன்றைக்கு மத்தியானம் யாழ்ப்பாணத்தில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தது. சூரியன் நடுவில் இருட்டிப்போய், விளிம்பு மட்டும் வளையம் மாதிரி எரிகிற கிரகணம். பத்து நிமிடமளவுக்கு அந்த வளையம் நின்றது. எனக்கு அப்போது ஆறு வயது. அம்மா நாலு மாதப் பிள்ளைத்தாச்சி. அம்மம்மா காலமையே தண்ணிக்குடத்துக்கும் சோற்றுப்பானைக்கும் தர்ப்பை போட்டு வைத்துவிட்டு, அம்மாவை அறைக்குள் விட்டு யன்னலையும் சாத்திவிட்டார். கத்தி தொடக்கூடாது, ஊசி தொடக்கூடாது, வெளியில் எட்டியும் பார்க்கக்கூடாது.

நான் எல்லாரையும் ஏமாற்றிவிட்டு முற்றத்துக்கு ஓடினேன். மாமர நிழலுக்குள் நிலமெல்லாம் சின்னச் சின்ன மோதிரங்கள். இலைகளின் இடுக்குக்குள்ளால் வருகிற வெளிச்சம் ஒவ்வொன்றும் சூரியனின் உருவத்திலேயே நிலத்தில் விழும் என்று பிறகுதான் படித்தேன். அன்றைக்கு எனக்கு அது மாயமந்திரம். சட்டையை விரித்து மோதிரங்களை ஏந்திக்கொண்டு நின்றேன். பிறகு மேலே பார்க்க வேண்டும்போல இருந்தது, தலையை நிமிர்த்தினேன். அப்போதுதான் அம்மா ஓடிவந்து, கையால் என் கண்ணைப் பொத்தி உள்ளே இழுத்துக்கொண்டு போனார். ஒரு நிமிடம்கூட இருக்காது.

ஜூன் மாதம் தம்பி பிறந்தான். காலைக் கண்டதும் அம்மம்மா கேட்ட முதல் கேள்வி, "கிரகணத்தண்டு வெளியில போனனியோ?"

"கொடியில கிடந்த உடுப்பு எடுக்க ஒருக்கா வந்தனான்" என்றார் அம்மா.

நான் கதவுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டேன். அன்றைக்குக் கொடியில் உடுப்பே இருக்கவில்லை. அம்மா ஏன் அப்படிச் சொன்னார் என்று ஆறு வயதிலேயே எனக்கு விளங்கியது. அதுக்குப் பிறகு மாமி, அன்ரி என்று ஆர் கேட்டாலும் அதே உடுப்புக் கதைதான். நானும் வாய் திறக்கவில்லை. தம்பியின் காலைப் பார்க்கிறபோதெல்லாம் சட்டைக்குள் விழுந்த மோதிரங்கள்தான் எனக்கு ஞாபகம் வரும்.

முதன்முதல் காட்டிய வைத்தியசாலையில் கிளினிக் கொப்பியில் எழுதியது "ஹீமேஞ்சியோமா" என்று. குழந்தைகளுக்கு வாறதுதான், ஐந்து வயதுக்குள் தன்பாட்டில் மறைந்துவிடும், பயப்படவேண்டாம் என்றார்கள். நாங்களும் பயப்படவில்லை. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அம்மா காலைத் தடவிப் பார்ப்பார். "கொஞ்சம் மங்கியிருக்குது என்ன?" என்பார். மங்கவில்லை. தம்பி வளர வளர அதுவும் வளர்ந்தது.

இது பெயரில் வந்த பிழை என்று இப்போது விளங்குகிறது. ஹீமேஞ்சியோமா என்பது குருதிக் கலன்களின் கலங்கள் பெருகி வருகிற ஒரு கட்டி. பிறந்து சில கிழமைகளில் தெரியத் தொடங்கி, முதல் மாதங்களில் மளமளவென்று வளர்ந்து, பிறகு சில வருசங்களில் மெல்ல மெல்லச் சுருங்கும். தம்பிக்கு இருப்பது கட்டியே இல்லை. அது மால்ஃபோர்மேஷன், அதாவது அமைப்பிலேயே வந்த பிழை. பிறக்கும்போதே இருக்கும், பிள்ளையோடு சேர்ந்து வளரும், தானாகப் போகாது. இரண்டும் வெவ்வேறு என்று 1982இல் அமெரிக்காவின் பொஸ்ரனில் ஜோன் மல்லிக்கென், ஜூலி குளோவாக்கி என்ற இருவரும் தெளிவாகப் பிரித்து எழுதினார்கள். அதுக்கு முதல் சிவப்பாய், நீலமாய் இருந்த எல்லாவற்றுக்கும் ஒரே பெயரைத்தான் போட்டிருக்கிறார்கள். இன்றைக்கும் உலகத்தில் பல இடங்களில் அந்தக் குழப்பம் தொடர்கிறது.

பெயர் பிழைத்தால் என்ன, கால் அதே கால்தானே என்று ஒருவர் கேட்கலாம். பெயர் பிழைத்தால் மருந்தும் பிழைக்கும். ப்ரொப்ரனலோல் என்ற இதய நோய் மருந்து ஹீமேஞ்சியோமாவைச் சுருக்குகிறது என்று 2008இல் பிரான்சின் போர்தோ நகரில் கண்டுபிடித்தார்கள். மால்ஃபோர்மேஷனுக்கு அது சரிவராது. எங்கட விசயத்தில் பிழைத்தது மருந்தில்லை, காலம். மறையும் என்று பார்த்துக்கொண்டிருந்த வருசங்களில் காலை இறுக்கிப் பிடிக்கிற ஸ்டொக்கிங் போட்டிருக்கலாம், இரண்டு காலின் நீளத்தையும் ஒழுங்காக அளந்து பார்த்திருக்கலாம்.

2016இல் தம்பி முதலாம் வகுப்பு. நீலக் கட்டைக் காற்சட்டை. முதல் கிழமையே "யானைக்கால்" என்ற பட்டம் வந்துவிட்டது. யானைக்கால் நோய் நுளம்பு பரப்புகிற புழுவால் வருவது. இலங்கையில் அது மேல், தென், வடமேல் மாகாணங்களில்தான் இருந்தது, எங்கட பக்கத்தில் இல்லை. இலங்கை அந்த நோயை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்ததும் அதே 2016இல்தான். நாட்டில் ஒழிந்த யானைக்கால் எங்கட வகுப்பறையில் மட்டும் மிஞ்சியிருந்தது. பக்கத்தில் இருந்த பிள்ளையின் தாய், தொற்றும் என்று சொல்லித் தன் மகனை இடம் மாற்றச் சொன்னார். ரீச்சரும் மாற்றினார்.

அந்த வருசம் ஓகஸ்டில் ஒருநாள் இரவு தம்பிக்குக் காய்ச்சல் கொதித்தது. கால் முழுக்கச் சிவந்து, தொடவே விடவில்லை. நிணநீர் சரியாக வடியாத காலில் கிருமி இலேசாகப் பிடித்துக்கொள்ளும். நரம்பில் மருந்து ஏற்றி ஒரு கிழமை வார்ட்டில் வைத்திருந்தார்கள். அங்கே பார்த்த ஒரு டொக்டர்தான் "இது ஹீமேஞ்சியோமா இல்லை" என்று சொல்லிக் கொழும்புக்குத் துண்டு எழுதித் தந்தார். அப்பா அவனை இரவு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார். ஸ்கான் எடுத்தார்கள். அந்த நீளப் பெயர் அப்படித்தான் வீட்டுக்கு வந்தது.

பெயர் வந்தது. கேள்வி போகவில்லை.

போன வருசம் கொழும்பு கிளினிக்குக்கு நானும் போனேன். கம்பஸில் படிக்கிற பிள்ளை, இங்கிலிஷ் கதைக்கும் என்று அம்மா கூட்டிக்கொண்டு போனார். டொக்டர் நல்லவர், அவசரப்படாமல் கதைத்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குச் சிங்களமும் இல்லை, இங்கிலிஷும் இல்லை. இடையில் நான். எல்லாம் முடிந்து, வேறேதும் கேட்க இருக்கிறதா என்றார் டொக்டர். அம்மா என்னைப் பார்த்து மெல்லக் கேட்டார்: "நான் கிரகணத்தில வெளியில வந்ததாலதானோ எண்டு ஒருக்காக் கேள் பிள்ளை."

எனக்குக் கிரகணம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. கர்ப்ப காலத்தில் அம்மா செய்த ஏதும் இதுக்குக் காரணமா என்றுதான் கேட்டேன். டொக்டர் பேனாவை வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துப் பதில் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன்.

"இல்லையாம் அம்மா. நீங்கள் செய்த ஒண்டும் இல்லையாம். ஒருத்தரும் செய்யேல்லையாம்."

"அப்ப ஆர் செய்தது?"

இந்தக் கேள்வியை நான் மொழிபெயர்க்கவில்லை.

திரும்பி வந்த பிறகு நான் வாசிக்கத் தொடங்கினேன். நான் படிப்பது கலைப்பீடத்தில். உயிரியலோடு எனக்கு ஓ.எல். விஞ்ஞானத்தோடு சரி. நண்பி ஒருத்தியின் ஏ.எல். உயிரியல் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, இணையத்தில் கிடைத்த கட்டுரைகளைச் சொல் சொல்லாகப் பிரித்து வாசித்தேன். விளங்கியது இவ்வளவுதான். தாயின் வயிற்றில் முளையம் உருவாகத் தொடங்கிய ஆரம்ப நாட்களில், ஏதோ ஒரு கலத்தில், ஒரு பரம்பரையலகில் ஒரு சின்ன மாற்றம் நடக்கிறது. அந்தப் பரம்பரையலகின் பெயர் பி.ஐ.கே.3.சி.ஏ. கலத்துக்கு "வளர்" என்று சொல்கிற ஆளி மாதிரி ஒன்று. மாற்றம் நடந்த கலத்தில் ஆளி அணைய மாட்டாது. அந்தக் கலத்திலிருந்து பிரிந்து வந்த கலங்கள் எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தனவோ அங்கே மட்டும் கலன்கள் தாறுமாறாகும், எலும்பும் தசையும் கூடுதலாக வளரும். உடம்பின் மற்றப் பாகமெல்லாம் வழமை போலத்தான். இது அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ வந்ததில்லை. தம்பியின் இரத்தத்தைச் சோதித்தால்கூடப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, அந்தக் காலிலிருந்து இழையம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். கிளிப்பெல் ட்ரெனோனே உள்ளவர்களில் இந்த மாற்றம் இருப்பதை 2015இல் கண்டிருக்கிறார்கள். அதாவது 1900இல் பெயர் வைத்ததுக்கு நூற்றுப் பதினைந்து வருசம் கழித்து.

அந்த ஏ.எல். புத்தகத்தில் இந்த மாற்றத்துக்குப் போட்டிருக்கிற தமிழ்ச்சொல் விகாரம். நான் அந்தப் பக்கத்திலேயே கொஞ்சநேரம் நின்றுவிட்டேன். உயிரியல் படிக்கிறவர்களுக்கு அது ஒரு கலைச்சொல். ஒரு தாய்க்கு அதை வாசித்துக் காட்டினால் அவர் எதைக் கேட்பார்? "உங்கட மகன்ர காலில விகாரம் இருக்குது." எங்கட பேச்சில் விகாரம் என்றால் அவலட்சணம். பதினைந்து வருசமாக ஊர் சொல்லிக்கொண்டிருந்ததும் அதைத்தான். அம்மாவுக்குச் சொல்கிறபோது "மாற்றம்" என்றுதான் சொன்னேன்.

பிறகு அம்மாவின் பழைய பைலைத் தேடி எடுத்தேன். பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, எல்லாவற்றோடும் தம்பி வயிற்றில் இருந்தபோது தந்த கிளினிக் அட்டையும் பத்திரமாக இருந்தது. கடைசி மாதவிடாய்த் திகதி 2009 செப்ரெம்பர் 17. ஜனவரி 15 வரைக்கும் எண்ணினேன். 120 நாள். பதினேழு வாரம். குருதிக் கலன்கள் உருவாகத் தொடங்குவது கரு உண்டாகி மூன்றாவது வாரமளவில். நிணநீர்க் கலன்கள் இரண்டாம் மாதத்தில். எட்டாவது வாரம் முடிகிறபோது கால் விரல்கள்கூடத் தனித்தனியாகப் பிரிந்துவிடும். நான் சட்டையில் மோதிரம் ஏந்திக்கொண்டு நின்ற அந்த மத்தியானம், தம்பியின் கால் அதன் நாளங்களோடும் நிணநீரோடும் எப்போதோ அமைந்து முடிந்திருந்தது. அது வளர்ந்துகொண்டு மட்டும் இருந்தது.

கணக்கை மூன்று தரம் சரிபார்த்தேன். உண்மையைச் சொன்னால், அம்மாவுக்காக மட்டும் இல்லை. எனக்காகவும்தான்.

அன்றைக்கு இரவு கலண்டரையும் அட்டையையும் கொண்டுபோய் அம்மாவுக்குக் காட்டினேன். அவர் நான் சொன்னதை நம்பாமல் தானே விரல்விட்டு எண்ணினார். எண்ணி முடித்துவிட்டுக் கொஞ்சநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. நான் அழுவார் என்று நினைத்தேன். "அப்பாடா" என்பார் என்று நினைத்தேன்.

"அப்ப நான் இவ்வளவு காலமும் பிடிச்ச வெள்ளிக்கிழமை விரதம் என்னத்துக்கு?" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அதுவரைக்கும் நான் விளங்கிக்கொள்ளாத ஒன்று அப்போதுதான் தட்டுப்பட்டது. குற்றம் என்று ஒன்று இருந்தபோது அம்மாவுக்குச் செய்வதற்கும் ஒன்று இருந்தது. விரதம் இருக்கலாம், நேர்த்தி வைக்கலாம், மன்னிப்புக் கேட்கலாம். தற்செயல் என்று வந்துவிட்டால் ஆரிடம் போய் என்ன கேட்பது? விஞ்ஞானம் அவரை விடுவித்தது உண்மைதான். ஆனால் விடுவித்த கையோடு அவரைத் தனியாகவும் விட்டுவிட்டது. பதினைந்து வருசப் பாரத்தை ஒரு கலண்டரால் இறக்கிவிடலாம் என்று நான் நினைத்தது கொஞ்சம் அவசரப்புத்திதான்.

"நீங்கள் உடுப்பு எடுக்க வரேல்லையே அம்மா. என்னை இழுக்கத்தானே வந்தனீங்கள்" என்றேன். பதினைந்து வருசத்தில் முதல்முறை.

"உனக்கு ஞாபகம் இருக்கோ?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. எழும்பி எனக்குத் தேத்தண்ணி போடப் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் விரதம் இருந்தார். கேட்டதுக்கு "இது சும்மா பிடிக்கிறது" என்றார்.

இதையெல்லாம் நான் தம்பியிடம் பெரிய கண்டுபிடிப்பு மாதிரிச் சொன்னேன். மருந்துக் கதைகளையும் சொன்னேன். ரபா நுயி என்ற ஈஸ்டர் தீவிலிருந்து 1964இல் எடுத்துச்சென்ற மண்ணில் இருந்த ஒரு பக்ரீரியாவிலிருந்து வந்ததுதான் சிரோலிமஸ் என்ற மருந்து. சிறுநீரகம் மாற்றியவர்களுக்குக் கொடுத்துவந்த அதை இப்போது நிணநீர், நாள மால்ஃபோர்மேஷன்களுக்கும் கொடுக்கிறார்கள். பாரிஸின் நெக்கர் வைத்தியசாலையைச் சேர்ந்த குய்யோம் கனோ என்ற வைத்தியர், அந்த அணையாத ஆளியையே குறிவைக்கிற அல்பெலிசிப் என்ற மருந்தை 19 பேருக்குக் கொடுத்துப் பார்த்து 2018இல் எழுதினார். அதற்கு அமெரிக்காவில் 2022 ஏப்ரலில் அனுமதி கிடைத்தது. அதே ஏப்ரலில்தான் எங்கட நாடு கடனைக் கட்ட ஏலாது என்று கையை விரித்தது. ஆஸ்பத்திரிகளில் சாதாரண மருந்துக்கே தட்டுப்பாடு, நாங்கள் பெற்றோல் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். சோவியத்தின் கோர்பச்சேவுக்குத் தலையில் இருந்ததும் இந்த வகை அடையாளம்தான், தொடக்கத்தில் அரசாங்கப் படங்களில் அதை அழித்துவிட்டுத்தான் போடுவார்கள் என்றும் சொன்னேன்.

முழுவதையும் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "அக்கா, உங்களுக்கும் அம்மாக்கும் ஆர் செய்தது எண்டதுதான் பிரச்சினை. எனக்கு நாளைக்கு பி.ரி. பாடம் இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. அவன் சொன்னது சரி. இவ்வளவு காலமும் அந்தக் காலை வைத்து நாங்கள் எங்கட கணக்கைத்தான் பார்த்திருக்கிறோம். அம்மம்மா கிரகணக் கணக்கு, அம்மா விரதக் கணக்கு, நான் வாரக் கணக்கு. காலோடு ஒவ்வொரு நாளும் எழும்புகிறவன் அவன். இந்த வெயிலுக்கு அந்த இறுக்கமான ஸ்டொக்கிங்கைப் போட்டுக்கொண்டு ஏழு பாடம் இருக்கிறவன் அவன். கொழும்பு பஸ்ஸில் கால் கனத்து, இரத்தம் கட்டிவிடக்கூடாது என்று ஒவ்வொரு தரிப்பிலும் இறங்கி நடக்கிறவன் அவன். கிரிக்கெட்டில் விக்கெற் கீப்பராக நிற்க அவன் ஏன் அடம்பிடிக்கிறான் என்று எனக்கு நெடுநாள் தெரியாது. பாட்ஸ் கட்டினால் கால் தெரியாது, அடிபட்டு இரத்தம் வராமலும் இருக்கும். "அதோட நான் நல்லாக் கீப் பண்ணுவன்" என்றும் சொன்னான். அதையும் எழுதச் சொன்னான்.

இந்த வருசம் அவன் பத்தாம் வகுப்பு. வெள்ளை நீளக் காற்சட்டை போடலாம். இனி ஒருத்தரும் பார்க்கமாட்டினம் என்று அம்மாவுக்குச் சந்தோசம். அவனோ வீட்டில் கட்டைக் காற்சட்டையோடுதான் திரிகிறான், கடைக்கும் அப்படியே போகிறான். நான் இதை எழுதப்போகிறேன் என்று கேட்டபோது, "பேர் போடாதேங்கோ, படம் போடாதேங்கோ, மிச்சத்தை எழுதுங்கோ" என்றான்.

போன கிழமை மறுபடியும் சப்பாத்து வாங்கப் போனோம். அளவு கூடிவிட்டது, எட்டும் பத்தும். கடைக்காரர் வழமைபோல அண்ணாவோ என்று கேட்டார். "இல்லை, ரெண்டும் எனக்குத்தான். ஒரு கால் பெரிசு" என்றான் தம்பி. கடைக்காரர் குனிந்து பார்த்தார். "அப்ப இருங்கோ தம்பி, நீளமான லேஸ் ஒண்டு தாறன்" என்று உள்ளே போனார்.

மிச்சச் சப்பாத்துகளை இப்போது எறிவதில்லை. கட்டிலுக்குக் கீழே நாலு சோடி சேர்ந்துவிட்டது. வலக்கால் பெருத்த பொடியன் ஒருவன் எங்கேயாவது இருப்பான், அவனுக்கு இது அளவாக இருக்கும் என்கிறான் தம்பி. வாசிக்கிற ஆருக்காவது அப்படி ஒருவனைத் தெரிந்தால் சொல்லுங்கள். ஏழிலும் எட்டிலும் இடக்கால், ஒன்பதிலும் பத்திலும் வலக்கால். எல்லாம் புதுசு.